மிளகாய் மண்டியின் மெழுகுதிரிகள்

என் மனைவியின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. கல்லறையில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். போடும்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. இறந்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்வார். அவருக்கென்ன, அவர் மிளகாய் மண்டி வைத்துப் பார்த்ததில்லை.

ராமநாதபுரத்தில் சந்தைத் திடலை ஒட்டிய தெருவில் எங்கள் கமிஷன் மண்டி இருந்தது. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். சுற்று வட்டாரத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் குண்டு மிளகாயைக் காயவைத்து, மூடை கட்டி, வண்டியில் கொண்டுவந்து எங்களிடம் போடுவார்கள். விலை தோதுப்படும் சந்தையில் நாங்கள் வியாபாரிகளுக்கு விற்றுக்கொடுப்போம். எப்போது விற்பது என்று அவர்கள் கேட்பதில்லை, அதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மண்டியில் எனக்குச் சொந்தமானது ஒரு தராசும் நாலு சுவரும்தான். மிச்சமெல்லாம் அடுத்தவர் வெயிலில் காய்ந்து விளைவித்தது. அதனால் ஒவ்வொரு சந்தையிலும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

உலகச் சண்டை முடிந்து மச்சான் பினாங்கிலிருந்து திரும்பி வந்தார். வரும்போது ஒரு தகரப் பெட்டியும், கொஞ்சம் பணமும், ஒரு வித்தையும் கொண்டுவந்தார். பணத்தை என் மண்டியில் போட்டுக் கூட்டாளி ஆனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, ஆனால் என் மனைவிக்கு அதைவிடப் பெரிய வாய் இருந்தது. பணத்தோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். வித்தையையும் சேர்த்து இறக்கினார்.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்திருந்தபோது மச்சான் ஓர் அரிசிக் கிட்டங்கியில் கணக்கு எழுதினாராம். அங்கே இருந்த ஜப்பான் குமாஸ்தா ஒருவன் அரிசி விலையைப் படமாகப் போடுவானாம். அந்தப் படத்தைப் பார்த்தே விலை எப்போது திரும்பும் என்று சொல்லிவிடுவானாம். ஊரெல்லாம் அரிசிக்கு அலைந்து, மரவள்ளிக் கிழங்கு தின்று உயிர் பிழைத்த காலத்தில், எந்தச் சந்தையைப் பார்த்து அவன் படம் போட்டான் என்று நான் ஒருமுறை கேட்டேன். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு நாள் என்னோடு பேசவில்லை. நல்ல நாட்கள் அவை.

மண்டியின் உள்சுவர்தான் அவருக்குப் பலகை. ஒவ்வொரு சந்தைக்கும் கரியால் ஒரு குறி போடுவார். சந்தை என்ன விலைக்குத் திறந்தது, என்ன விலைக்கு முடிந்தது, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டம். திறந்ததைவிட முடிந்தது கூடுதலாக இருந்தால் கட்டத்துக்குள் சுண்ணாம்பு, குறைவாக இருந்தால் கரி. அன்றைக்குப் போன உச்ச விலைவரை கட்டத்துக்கு மேலே ஒரு கோடு, அடிமட்ட விலைவரை கீழே ஒரு கோடு. பார்க்க மெழுகுதிரி மாதிரி இருக்கும். அவரும் அப்படித்தான் சொன்னார். கோயிலில் ஏற்றினால் மெழுகுதிரி வெளிச்சமாவது தரும். இவை என் சுவரை நாசமாக்கியது தவிர வேறொன்றும் தரவில்லை.

ஜப்பான்காரன் வைத்த பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை போலிருக்கிறது, தானே பெயர் வைத்தார். கட்டம் சின்னதாக உச்சியில் இருந்து, கீழே நீளமாகக் கோடு தொங்கினால் அது திருக்கை. திருக்கை மீனுக்கு உடம்பைவிட வால் நீளம் அல்லவா, அதனால். இறங்கிக்கொண்டிருந்த விலையில் திருக்கை விழுந்தால் இனி ஏறும். அதையே கவிழ்த்து, உடம்பு கீழேயும் வால் வானத்தைப் பார்த்தும் நின்றால் தலைகீழ்த் திருக்கை. ஏறிக்கொண்டிருந்த விலையில் அது வந்தால் இனி இறங்கும். கட்டமே இல்லாமல் கோடுகள் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக நின்றால் சிலுவை, சந்தைக்கே புத்தி குழம்பிவிட்டது என்று அர்த்தம். பெரிய வெள்ளைக் கட்டம் முந்தின வாரத்துச் சின்னக் கருப்புக் கட்டத்தை மறைத்து நின்றால் விழுங்கல், விலை பொங்கப்போகிறது.

இவ்வளவும் எதை வைத்து? எங்கள் சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகரும் வியாபாரியும் துண்டைப் போட்டு மூடி, துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். உச்சம் எது, அடிமட்டம் எது என்று பிடித்த விரலுக்கும் பிடிபட்ட விரலுக்கும்தான் தெரியும். மச்சான் சாயங்காலம் தரகர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து விசாரிப்பார். டீக்குத் தக்கபடி அவர்கள் சொல்வார்கள். அதை நூல் பிடித்த மாதிரி சுவரில் கோடு போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பலித்ததா என்றால், இரண்டு தடவை பலித்தது. அதை மறைக்க மாட்டேன். அந்த இரண்டு தடவைதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். அதற்குப் பிறகு சம்சாரிகள் மண்டிக்குள் நுழைந்ததும் தராசைப் பார்க்காமல் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள். மச்சான் ஒரு மூங்கில் குச்சியால் திருக்கையைத் தொட்டுக் காட்டி விளக்குவார். நான் மூக்கில் மிளகாய் நெடி ஏறித் தும்மிக்கொண்டு மூலையில் மூடை எண்ணுவேன்.

நான் சொல்ல வந்த வருஷம், மண்டியில் கிடந்த மூடைகளில் என் தங்கச்சியுடையதும் இருந்தது. உத்தரகோசமங்கை போகிற வழியில் அவளுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம். அவள் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். கப்பலேறி வருவார், கொஞ்ச நாள் இருப்பார், போய்விடுவார். உழவு, களை, பறிப்பு, காயப்போடுவது எல்லாம் இவள்தான். அந்த வருஷம் நல்ல விளைச்சல். அதை நம்பி, மக்கிப்போன பனையோலைக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டாள். மிளகாயை விற்றதும் வீட்டுக்கு ஓடு போடுவது என்று முடிவு. அதுவரை பிள்ளைகளோடு பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டாள். வெறும் சுவர்கள் வானத்தைப் பார்த்து நின்றன.

"ஏத்தா, மிளகாய் விக்கிறதுக்கு முன்னாடியே ஏன் கூரையப் பிரிச்ச?" என்று திட்டினேன்.

"அண்ணன் இருக்கும்போது எனக்கு என்னண்ணே பயம்?" என்றாள்.

இப்படி ஒருத்தி சொன்னால் மனுஷனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? ஆனால் உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அய்யா செத்த பிறகு அவள் கை நீட்டிக் கேட்ட ஒரே ஆள் நான்தான். அந்த நம்பிக்கையை நான் சொத்தாக நினைத்திருந்தேன்.

விலை வாராவாரம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஏறும், கொஞ்சம் பொறுப்போம் என்பது என் எண்ணம். அந்தச் சமயத்தில் கோயில் திருவிழா வந்தது. நேர்ச்சையாக வந்த கோழி, ஆட்டுக்குட்டி, இளநீர்க் குலை, ஒரு மூடை மிளகாய் எல்லாவற்றையும் பூசை முடிந்து ஏலம் விடுவார்கள். கோயில் வளாகத்தில் பந்தல் வேலை நடந்ததால் அந்த வருஷம் ஏலத்தைச் சந்தைத் திடலிலேயே வைத்தார்கள். அன்றைக்குச் சந்தையும் கூடியிருந்தது.

நேர்ச்சை ஏலத்தில் யாரும் சரக்குக்கு விலை கேட்பதில்லை. கோயிலுக்குக் கொடுப்பதாக நினைத்துக் கேட்பார்கள், ஊர் பார்க்கட்டும் என்று கேட்பார்கள். மிளகாய் மூடைக்கு எங்கள் எதிர் மண்டி மரைக்காயர் கேட்டார். அவருக்குச் சரக்குப் போடுகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் கோயில்காரர்கள், அந்த மரியாதைக்குக் கேட்டார். உடனே என் மச்சானுக்கு மீசை துடித்தது. கூட்டிக் கேட்டார். மரைக்காயர் சிரித்துக்கொண்டே இன்னும் கூட்டினார். கூட்டம் விசிலடித்தது. விலை சந்தையை விட்டு, ஊரை விட்டு, மானம் மரியாதையை விட்டு எங்கேயோ போனது. கடைசியில் மச்சான் வாயை மூட, மூடை மரைக்காயருக்குப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், இத்தோடு ஒழிந்தது என்று.

சாயங்காலம் மண்டிக்குள் நுழைந்தால் மச்சான் சுவரில் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார். கீழே சின்னக் கட்டம், அதன் மேலே முழ நீளத்துக்கு ஒரு வால். ஏலத்தில் கேட்ட விலையை அன்றைய உச்ச விலையாகப் போட்டிருந்தார்.

"மச்சான், அது கோயில் ஏலம். சந்தை விலை இல்ல."

"விலைன்னா விலைதான் மாப்பிள்ளை. திடல்ல நின்னு ஊரு கேக்கச் சொன்ன விலை. அத விட்டுட்டுப் போட்டா குறி பொய்யாப் போயிரும்."

"அதக் கேட்டதே நீங்கதான?"

"நான் மட்டுமா? மரைக்காயரும் கேட்டாகல்ல."

"அவுக வீம்புக்குக் கேட்டாக. நீங்களும் வீம்புக்குத்தான கேட்டீக."

"வீம்பும் சந்தைல ஒரு சரக்குதான் மாப்பிள்ளை," என்றார். குச்சியால் வாலின் நுனியைத் தட்டினார். "பாருங்க, இம்புட்டுத் தூரம் ஏறிட்டுத் திரும்பிருச்சு. தலைகீழ்த் திருக்கை. இனி இறக்கம்தான். அடுத்த சந்தைல எல்லாத்தையும் தள்ளிவிட்றணும்."

தன் வாயால் ஊதிய பலூனைத் தானே பார்த்துப் பயப்படும் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டேன். மற்றவர்கள் சரக்கையும் இப்போது விற்கக் கூடாது என்று கத்திச் சண்டை போட்டேன். கடைசியாக, "என் தங்கச்சி மூடையை மட்டும் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"உங்க தங்கச்சி எனக்கு மட்டும் வேத்தாளா?" என்றார் மச்சான்.

அடுத்த சந்தையன்று மண்டபம் கடற்கரையில் ஒரு தோணி சீமை ஓடு இறக்கியிருப்பதாகத் தகவல் வந்தது. ஓடு கரையில் அதிக நேரம் கிடக்காது, அன்றைக்கே பேசி முடித்தால்தான் உண்டு. தங்கச்சி வீட்டுக்காகக் காலை ரயிலில் போனேன். உப்புக்காற்றில் நின்று ஒவ்வோர் ஓடாகத் தட்டிப் பார்த்து, நல்லதாகப் பொறுக்கி ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டு, காட்டுவதற்கு ஓர் ஓடு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

மண்டி காலியாக இருந்தது. கூட்டிப் பெருக்கி, தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்கள். மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் தள்ளியாச்சு மாப்பிள்ளை. உச்சில வித்திருக்கோம்."

"தங்கச்சியோடது?"

"அதத்தான் முதல்ல வித்தேன். நம்ம வீட்டுப் பிள்ளை, அது நட்டப்படக் கூடாதுல்ல?"

அந்த நிமிஷத்தில் அவரை நான் அடிக்காமல் விட்டது, அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த என் மனைவி குறுக்கே வந்து நின்றதால்தான். பையை அப்படியே போட்டுவிட்டு எதிர் மண்டிக்கு ஓடினேன். வாங்கியவர் மரைக்காயர். அவரிடம், அந்தச் சில மூடைகளை மட்டும் அதே விலைக்குத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"யாவாரம் முடிஞ்சு கை எடுத்தாச்சு தம்பி. உங்க மச்சான் குடுத்தாக, நான் வாங்கினேன். ஏறும்னு எனக்கு மட்டும் தெரியுமா? அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஏலம் கோயிலுக்குக் குடுக்கணும்னு நிய்யத்து வச்சுக் கேட்டது. அதப் போயி யாராச்சும் விலைன்னு எடுப்பாகளா?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வியாபாரி வாங்கத்தான் செய்வான்.

சித்திரையில் கோடை மழை கொட்டியது. அபிராமம் பக்கம் களத்தில் காய்ந்துகொண்டிருந்த கடைசிப் பறிப்பு மிளகாய் அத்தனையும் நனைந்து பூசணம் பூத்தது. காய்ந்த சரக்கு வைத்திருந்தவன் சொன்னதே விலை. மச்சான் சளைக்கவில்லை, சந்தை தவறாமல் குறி போட்டார். வெள்ளைக் கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. கை எட்டாமல் முக்காலி போட்டு ஏறிப் போட்டார். எங்கள் நஷ்டத்தை அவ்வளவு அழகாக வேறு யாராலும் வரைந்திருக்க முடியாது.

மச்சான் விற்ற விலையில் தங்கச்சிக்கு வந்த பணம் ஓட்டுக்கு எட்டவில்லை, ஓலைக்கே சரியாக இருந்தது. மழைக்கு முன்னால் அவசர அவசரமாகப் பனையோலை போட்டார்கள். புது ஓலைக் கூரையின் கீழ் உட்கார்ந்து தங்கச்சி கேட்டாள்.

"அன்னைக்கு நீ எங்கண்ணே போன?"

"உனக்கு ஓடு பாக்கத்தான்."

"சந்தை நாள்லயா?"

தோணி நம்மைக் கேட்டுக்கொண்டா கரைக்கு வருகிறது? அதைச் சொன்னேன். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சம்சாரிகள் மண்டிக்குத் திரண்டு வந்தார்கள். இன்றைக்கு மச்சானைக் கிழிக்கப்போகிறார்கள் என்று நான் ஓரமாக நின்று காத்திருந்தேன். மச்சான் எழுந்து சுவரின் முன்னால் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குறி தப்பல. என் கண்ணுதான் தப்பிருச்சு. இந்தா பாருங்க, திருவிழாவுக்கு முந்தியே விழுங்கல் விழுந்து கிடக்கு. பொங்கப்போகுதுன்னு சுவரு சொல்லிருச்சு. நான்தான் திருக்கையப் பாத்து மயங்கிட்டேன். அடிக்கணும்னா அடிங்க."

யாரும் அடிக்கவில்லை. எட்டிப் பார்த்தார்கள். விழுங்கல் இருந்தது. "அடடா!" என்றார்கள். "மனுசன் தப்ப ஒத்துக்கிறாக பாரு," என்று ஒருவர் மெச்சினார். இறங்கினால் இறங்கும் என்று சொல்ல ஒரு குறி, ஏறினால் ஏறும் என்று சொல்ல ஒரு குறி, இரண்டும் ஒரே சுவரில் இருந்தால் அது எப்படியப்பா தப்பும் என்று நான் கத்தினேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். கூட்டத்தில் என் தங்கச்சியும் நின்று அந்த விழுங்கலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சுண்ணாம்பைக் கரைத்து, மட்டையை எடுத்து, சுவர் முழுக்க நானே வெள்ளையடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மனசாரச் செய்த வேலை வேறில்லை. மச்சான் வந்து பார்த்தார். சுவர் காய்ந்ததும் கரியை எடுத்தார். எல்லாம் மனசில் இருக்கிறது என்று சொல்லி, பழைய குறிகளை வரிசையாக மறுபடி போட்டார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திருவிழாச் சந்தை வந்தது. சின்னக் கட்டம், அதன் மேலே விரல்கடை அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். முழ நீள வால் இல்லை. அதற்கு முந்தின விழுங்கலோ முன்பைவிடப் பெரிதாகக் கொழுத்திருந்தது.

"வால் எங்க மச்சான்?"

"எந்த வாலு?" என்றார். நிஜமாகவே மறந்தவர் முகம். பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஊரில் அதைச் சொன்னேன். நான் வெள்ளையடித்ததால்தான் குறி கலைந்தது, இப்போது அவர்மேல் பழி போடுகிறேன் என்றார்கள். என் மனைவியும் அதையே சொன்னாள். தங்கச்சி மட்டும், "பொறாம வேணாம்ணே," என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த வெள்ளாமையில் அவள் மிளகாய் வருமா என்று தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு மண்டிக்குப் போயிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருநாள் உச்சி வெயிலில் அவள் வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. மூடைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். முக்காடு முழுக்கப் புழுதி. நான் சந்தோஷத்தில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஒரு மூடையைத் தோளில் வாங்கக் கையையும் நீட்டிவிட்டேன்.

"அத்தான் இல்லையாண்ணே?" என்றாள்.

"சாப்பிடப் போயிருக்காரு. நான் இருக்கேன்ல, இறக்கு."

"இருக்கட்டும். அவுக வந்து சுவரப் பாத்துச் சொல்லட்டும், எங்கன அடுக்குறது, எப்ப விக்கிறதுன்னு."

"வெயில்ல ஏன்த்தா காயிற? உள்ளயாச்சும் வா. மோரு குடி."

"வேணாம்ணே. நான் இங்கனயே இருக்கேன்."

நான் உள்ளே போய்த் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மச்சான் ஏப்பம் விட்டபடி தெருமுனையில் வந்தபோதுதான் அவள் வண்டியை விட்டு இறங்கினாள்.